வாய்க்காலுக்கு அக்கரையில் டெங்கு: பாலத்தை அடைத்தால் காய்ச்சல் நிற்குமா?

கடிதத்தின் சுருக்கம்

மதுரையின் வடக்கு விளிம்பில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை அவருடைய சம்மதத்தோடு மாற்றியிருக்கிறேன். அவர் குடியிருக்கும் நகர் மாநகராட்சி எல்லையின் கடைசியில் இருக்கிறது. நகரை ஒட்டி ஒரு வாய்க்கால். ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனது, இப்போது பெரும்பாலும் கழிவுநீர் ஓடுகிறது. வாய்க்காலுக்கு அக்கரை ஊராட்சி. நடுவில் இரண்டு சக்கர வண்டி போகும் அளவுக்கு ஒரு சிறு பாலம்.

செப்டம்பரில் அக்கரையில் ஆறு பேருக்கு டெங்கு என்று செய்தி வந்ததிலிருந்து இக்கரையின் குடியிருப்போர் நலச்சங்கம் கூடிக் கூடிப் பேசுகிறது. மூன்று யோசனைகள் தீர்மானமாகும் நிலையில் இருக்கின்றன. பாலத்தில் தகரம் வைத்து அடைப்பது; அக்கரையிலிருந்து வீட்டு வேலைக்கும் பூ, கீரை விற்பதற்கும் வருகிறவர்களை ஒரு மாதத்துக்கு நிறுத்துவது; வாய்க்கால் ஓரம் முழுக்கப் புகை மருந்து அடிக்கச் சொல்வது. "கொரோனா காலத்தில் தெருவையே அடைத்தோமே, இப்போது ஏன் கூடாது?" என்பது சங்கத்தினரின் வாதம்.

வாசகியின் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிற பெண் அக்கரையைச் சேர்ந்தவர். அவருடைய 12 வயது மகளுக்குச் செப்டம்பர் 24 அன்று காய்ச்சல் கண்டது. டெங்கு என்று உறுதியாகி, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இப்போது தேறிவருகிறாள். "ஒன்பது வருடம் என் அடுக்களையில் புழங்கியவரை வராதே என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் என் பிள்ளைகள் கதி என்ன?" என்று கேட்கிறார். காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் உசிலம்பட்டிப் பக்கம் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்பது இன்னொரு கேள்வி. எல்லையில் இருக்கும் வாய்க்காலுக்காக எந்த அலுவலகத்துக்கு மனு எழுதுவது என்பது மூன்றாவது.

கடிதத்தின் கடைசியில் நான்கு வரிகள்: "ஆகஸ்ட் 28 அன்று ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போய்வந்தோம். செப்டம்பர் 5 அன்று என் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்ததில் டெங்கு என்றார்கள். ஐந்தாறு நாளில் சரியாகிவிட்டான். சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அது முடிந்துபோன விஷயம்."

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்கும் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடிதம் கிடைத்த அன்றே தனியாக எழுதி அனுப்பினேன். மற்ற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இதே கேள்விகள் ஏதோ ஒரு நகரிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. பொது சுகாதாரத் துறையில் இந்த மாவட்டத்திலேயே பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் உங்கள் வாய்க்காலும் பாலமும் எனக்குக் கண் முன்னே நிற்கின்றன.

உங்கள் கவலை நியாயமானது. மகனுக்கு வந்ததைப் பார்த்த தாய்க்கு மகளை நினைத்துப் பயம் வராமல் இருக்காது. ஆனால் பயம் காட்டுகிற திசையும் நோய் வருகிற திசையும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. அந்தக் கடைசி நான்கு வரிகளைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் தகரத்தைப் பேசிவிடுவோம்.

தகரத் தடுப்பு எந்த நோய்க்கு?

கொரோனா மூச்சுக்காற்றில் பரவியது. ஒருவர் பேசினால், இருமினால், பக்கத்தில் இருப்பவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டார். அங்கே ஆளை ஆளிடமிருந்து பிரித்து வைப்பதில் பொருள் இருந்தது. டெங்கு அப்படியல்ல. டெங்கு கண்டவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், உங்கள் பாத்திரத்தைத் துலக்கலாம், உங்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டலாம். அவரிடமிருந்து நேராக ஒன்றும் தொற்றாது. நடுவில் ஒரு கொசு வேண்டும். அந்தக் கொசு அவரைக் கடித்து, வைரஸ் அதன் உடலில் பெருகிப் பக்குவப்பட எட்டு முதல் பன்னிரண்டு நாள் வேண்டும். அதன் பிறகு கடித்தால்தான் அடுத்தவருக்கு நோய்.

கொரோனாவில்கூட நிர்வாக எல்லை நோய்க்கு எல்லையாக இருக்கவில்லை என்பதை மதுரைக்காரர்கள் நேரில் பார்த்தோம். 2020 ஜூன் 24 அன்று இங்கே முழு ஊரடங்கு வந்தபோது மாநகராட்சியை மட்டும் அடைக்கவில்லை. பரவை பேரூராட்சியையும், மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியங்களில் அடங்கிய பகுதிகளையும் சேர்த்தே அடைத்தார்கள். காய்கறி வாங்கவும் வேலைக்கும் தினமும் போய்வருகிற மக்களுக்கு நடுவில் மாநகராட்சிப் பெயர்ப்பலகை ஒரு சுவராக நிற்காது என்பதுதான் காரணம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் நோய் ஏறியதையும் பார்த்தோம். அரியலூர் சென்னைக்கு அண்டை மாவட்டம் இல்லை. லாரியும் சந்தையும்தான் அவற்றை அண்டையாக்கின.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே திருத்திவிட வேண்டும். உங்கள் சங்கம் வாய்க்காலைத்தான் குற்றவாளியாகப் பார்க்கிறது. அந்தக் கழிவுநீரில் கொசு உண்டு. இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். அது கியூலெக்ஸ். டெங்குவைக் கொண்டுவருவது ஏடிஸ் எஜிப்டி. அது பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகமாக. வீட்டுக்குள்ளேயே கட்டிலடியிலும் தொங்கும் துணிகளிலும் ஒதுங்கியிருக்கும். முட்டையிடத் தேடுவது சாக்கடையை அல்ல. நாம் சேமித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரை. மூடி சரியில்லாத மாடித் தொட்டி, டிரம், தரைக்கடித் தொட்டி, பிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர். வாய்க்காலைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அது வேறு பல காரணங்களுக்காக அவசியம். ஆனால் வாய்க்கால் ஓரம் புகை அடித்து டெங்குவை நிறுத்திவிட்டோம் என்று நினைத்தால், திருடன் வீட்டுக்குள் இருக்க வாசலில் காவல் காப்பது போலாகும். புகை அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் நெளிகிற புழுவையும் முட்டையையும் அது தொடுவதில்லை. அடுத்த வாரம் புதிய கொசு வந்துவிடும்.

கொசு போகும் தூரமும் காய்ச்சல் போகும் தூரமும்

ஏடிஸ் கொசு சோம்பேறி. இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைத்தால், பிறந்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்ந்து முடிந்துவிடும். அதிகபட்சம் நானூறு மீட்டர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. உங்கள் வாய்க்காலைக் கடக்க அதனால் முடியாது என்பதல்ல. அக்கரையிலும் தொட்டி உண்டு, இக்கரையிலும் தொட்டி உண்டு என்றால் அது ஏன் கடக்க வேண்டும்?

இப்போது தாய்லாந்தில் கண்டறிந்த ஒன்றைக் கேளுங்கள். அந்த நாட்டின் பதினைந்து ஆண்டுக் காய்ச்சல் கணக்கை (1983 முதல் 1997 வரை) வைத்து ஆராய்ந்தவர்கள், டெங்குவின் கடுமையான வகை பாங்காக்கிலிருந்து அலை போல வெளியே நகர்வதைக் கண்டார்கள். அதன் வேகம் மாதத்துக்குச் சுமார் 148 கிலோமீட்டர். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சியைத் தொட்டுவிடும் தூரம். நூறு மீட்டர் பறக்கும் பூச்சிக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது? பஸ்ஸிலும் ரயிலிலும் போன மனிதர்கள் உடம்பில் வைரஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போய் இறங்கிய இடத்தில் கொசு தயாராக இருந்தது.

ஆக, இந்த நோய் இரண்டு கால்களில் நடக்கிறது. ஒரு கால் குட்டையானது: கொசு, வீட்டுக்கு வீடு. மற்றொன்று நீளமானது: மனிதர், ஊருக்கு ஊர். பாங்காக் நகரில் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இருநூறு மீட்டருக்குள் வசித்த நோயாளிகளில் 60 சதவீதம் ஒரே தொற்றுச் சங்கிலியைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் விலகி வசித்தவர்களில் அது 3 சதவீதம்தான். அதாவது, ஒரு பேட்டையில் நோய் வந்து இறங்கிவிட்டால் சுற்றியுள்ள சில தெருக்களை அது தனியாகவே எரிக்கும். எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்து இறங்கிய தெருவில் கொசு வளர இடம் இருந்ததா என்பதே பெரிய கேள்வி.

பெரு நாட்டில் இக்கிடோஸ் என்ற ஊரில் நடந்த ஆய்வு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. காய்ச்சல் கண்டவர்கள் அதற்கு முந்தைய நாட்களில் எந்தெந்த வீடுகளுக்குப் போனார்கள் என்று விசாரித்து, அந்த வீடுகளில் இருந்தவர்களையும் சோதித்தார்கள். பக்கத்து வீட்டில் வசிப்பதைவிட, ஒரே உறவினர் வீட்டுக்கும் நண்பர் வீட்டுக்கும் போய்வருவதுதான் தொற்றோடு அதிகம் ஒட்டி நின்றது. பகலில் கடிக்கும் கொசு என்பதால், இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதைவிடப் பகலில் எங்கே இருக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

நானும் இதை நம் மாவட்டத்திலேயே கண்டேன். 2006-ல் சிக்குன்குனியா பரவியபோது மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பணியில் இருந்தேன். அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்புகிறது. ஊர்ப் பெரியவர்கள் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரைக் கைகாட்டினார்கள். வீடு வீடாகப் போய், யாருக்கு எந்த நாளில் மூட்டுவலியும் காய்ச்சலும் தொடங்கின என்று நோட்டில் எழுதினோம். கண்மாயை ஒட்டிய வீடுகளில் முதல் வாரம் ஒருவருக்கும் இல்லை. முதலில் விழுந்தவர்கள் பஸ் நிறுத்தத்தைச் சுற்றியிருந்த தெருவினர். தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வந்தவர்களின் வீடுகள். அந்த நோட்டைக் காட்டிய பிறகுதான் கண்மாய்ப் பேச்சு அடங்கியது. அடங்குவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது, அந்த ஒரு வாரத்தில் எத்தனை தொட்டிகளைத் தேய்த்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்

இப்போது உங்கள் கடைசி நான்கு வரிகள். இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை, உங்களுக்கும் கேட்க எளிதாக இராது. பொறுமையாகப் படியுங்கள்.

டெங்கு வைரஸ் உள்ள கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் தொடங்கும். ஆகஸ்ட் 28 கல்யாணம், செப்டம்பர் 5 காய்ச்சல்: எட்டு நாள். மகன் வெளியூரில் கடிபட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பிருந்து காய்ச்சல் இருக்கும் நாட்கள் வரை அவன் ரத்தத்தில் வைரஸ் ஓடியிருக்கும். அந்த நாட்களில் உங்கள் வீட்டுக் கொசு அவனைக் கடித்திருந்தால், எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்து, அதாவது செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, அந்தக் கொசு பிறருக்கு நோய் கொடுக்கத் தயாராகியிருக்கும். அதோடு நான்கு முதல் பத்து நாளைக் கூட்டுங்கள். உங்களிடம் வேலை செய்பவரின் மகள் படுத்த 24-ஆம் தேதி அந்தக் கணக்கின் நடுவில் வந்து உட்காருகிறது. சனி, ஞாயிறுகளில் அந்தச் சிறுமி தன் அம்மாவோடு உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் மகளோடு பாடம் படிப்பாள் என்று நீங்களே கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள்.

இது நிரூபணம் அல்ல. அவளுக்கு அவளுடைய பள்ளியிலோ வீட்டிலோ வந்திருக்கலாம். அக்கரையில் மற்ற ஐவருக்கும் எப்போது காய்ச்சல் தொடங்கியது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நோய் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தது என்று உங்கள் சங்கம் முடிவு கட்டியிருக்கிறதே, உங்கள் கையில் இருக்கும் தேதிகள் அதற்கு நேர் எதிர்த் திசையையும் அனுமதிக்கின்றன. பாலத்தில் தகரம் வைத்தால் அது யாரை யாரிடமிருந்து காக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

இதற்காக உங்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். கல்யாணத்துக்குப் போவதும் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும் குற்றமா? உங்களை நான் கேட்பது ஒன்றுதான்: ஏன் யாரிடமும் சொல்லவில்லை? சொன்னால் நகரில் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். சொந்த வீடும் படிப்பும் உள்ள உங்களுக்கே அந்தப் பயம் என்றால், ஐந்து வீட்டுச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு எவ்வளவு இருக்கும்?

வேலைக்கு வருபவரை நிறுத்துவதா?

மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அவருக்கே காய்ச்சல் இல்லாதவரை அவர் வந்துபோவதால் கூடுதல் ஆபத்து என்று சொல்ல இடமில்லை. அறிகுறியே இல்லாமல் டெங்கு வந்துபோகிறவர்கள்தான் அதிகம். 2013-ல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 39 கோடிப் பேருக்குத் தொற்று ஏற்படுகிறது. அதில் வெளியே தெரியும் அளவுக்கு நோய் காண்பவர்கள் 9.6 கோடிப் பேர். நான்கில் ஒருவர். மற்ற மூவரை எந்தப் பாலத்தில் நின்று பிடிப்பீர்கள்? அவர்களில் உங்கள் சங்கத்தின் தலைவரும் இருக்கலாம்.

தடை வந்தால் நடக்கப் போவது வேறு. காய்ச்சல் என்று சொன்னால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்று தெரிந்தவர், காய்ச்சல் வந்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் ஐந்து வீட்டுக் கொசுக்களுக்கு நடுவே நின்று பாத்திரம் துலக்குவார். அதனால் நீங்கள் சங்கத்தில் பேச வேண்டியது தடையைப் பற்றி அல்ல, சம்பளத்தோடு விடுப்பைப் பற்றி. வேலைக்கு வருபவருக்கோ அவர் வீட்டிலோ காய்ச்சல் என்றால் சொல்லட்டும். ஒரு வாரம் சம்பளம் குறையாமல் வீட்டில் இருக்கட்டும். ஐந்து வீடு சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு விழும் பங்கு சிறியது.

பாலத்தை அடைப்பது பற்றி ஒரு வார்த்தை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் பொதுப் பாதையை அடைக்கும் அதிகாரம் குடியிருப்போர் சங்கத்துக்குக் கிடையாது என்பது பணிக்காலத்திலேயே பலமுறை பார்த்த விஷயம். நோய்த்தடுப்புக்காகக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தைத் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939 உள்ளாட்சிகளுக்கும் சுகாதார அலுவலர்களுக்கும் கொடுத்திருக்கிறது. கொசு வளரும் தண்ணீரை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. அந்த நோட்டீஸ் இக்கரைத் தொட்டிக்கும் வரும்.

உசிலம்பட்டிக்கு அனுப்பலாமா?

மகனைப் பொறுத்தவரை தடையில்லை. அவனுக்கு வந்த வகை டெங்கு மறுபடி வராது. டெங்குவில் நான்கு வகை இருக்கின்றன, இரண்டாவது முறை வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. எனவே 'ஒரு முறை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை' என்று அவனைக் கொசுக்கடிக்கு விட்டுவிடாதீர்கள்.

மகள் விஷயத்தில்தான் தயங்குகிறேன். உங்கள் வீட்டுக் கொசு நோய்க்கொசுவாகியிருந்தால் அது அவளையும் கடித்திருக்கலாம். இன்று நன்றாக இருக்கிறாள். நான்கு நாள் கழித்துப் பாட்டி வீட்டில் காய்ச்சலோடு படுக்கலாம். அங்கே குழாயில் தினமும் தண்ணீர் வராததால் வாசலில் டிரம் வரிசையாக நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெருவில் இதுவரை டெங்கு இல்லை. நோய் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தாவுவது பெரும்பாலும் இப்படித்தான்: விடுமுறை, திருவிழா, துக்க வீடு, பிரசவத்துக்கு வந்த மகள். பிள்ளையைக் காப்பதற்காகவே அனுப்புகிறோம், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அவளுக்கும் அங்கே லாபம் இல்லை. காய்ச்சல் வந்து உடல்நிலை இறங்கினால் பெரிய மருத்துவமனைக்கு இங்கிருந்து போவது எளிது, அங்கிருந்து கடினம்.

என் யோசனை: இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். உங்கள் வீட்டையும் சுற்றுவட்டத்தையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். அந்த இரண்டு வாரமும் காய்ச்சல் இல்லை என்றால் தீபாவளிக்கு மனநிம்மதியோடு அனுப்பலாம். இடையில் அம்மாவுக்குப் போன் போட்டு டிரம்களுக்குத் துணி கட்டி மூடச் சொல்லுங்கள்.

மனு யாருக்கு, எதை எழுதுவது?

ஒரே மனுவை இரண்டாக எழுதுங்கள். ஒன்று மாநகராட்சியின் நகர்நல அலுவலருக்கு, மற்றொன்று அக்கரைக்குப் பொறுப்பான வட்டார மருத்துவ அலுவலருக்கு. ஒவ்வொன்றிலும் மற்றவருக்கும் நகல் அனுப்பியிருப்பதாகக் குறிப்பிடுங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிடுங்கள். கேட்க வேண்டியது புகை அல்ல. வாய்க்காலின் இரு கரைகளிலும் ஒரே வாரத்தில் வீடு வீடாகக் கொசுப்புழு ஆய்வு, தேவையான தொட்டிகளில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, காய்ச்சல் கண்டவர்களின் கணக்கெடுப்பு. இக்கரையை இந்த மாதமும் அக்கரையை அடுத்த மாதமும் சுத்தம் செய்தால் இரண்டுமே வீண். கொசுவும் சரி, கடிபடுகிற மனிதரும் சரி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தை மறுபடி நிரப்பிவிடுவார்கள்.

மனுவோடு ஒரு பட்டியல் இணையுங்கள். பெயர் வேண்டாம். தெரு, வயது, காய்ச்சல் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் வெளியூர்ப் பயணம் உண்டா. இவ்வளவு போதும். சுகாதார ஆய்வாளருக்கு அந்த ஒரு தாள் பத்துப் புகார்க் கடிதங்களைவிடப் பயன்படும். அந்தப் பட்டியலின் முதல் வரி செப்டம்பர் 5, உங்கள் வீடு. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். டெங்கு என்று உறுதியானால் மருத்துவமனைகளும் பரிசோதனைக் கூடங்களும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அப்படித் தகவல் போய், பணியாளர்கள் வந்து சுற்றியுள்ள வீடுகளில் தொட்டியைப் பார்ப்பது உங்களை அவமானப்படுத்த அல்ல. அந்த இருநூறு மீட்டர் சங்கிலியை அறுக்கத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், மற்றவை உங்களுக்கே தெரியும். தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒரு முறை காலி செய்தால் மட்டும் போதாது. உட்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவிடுகிறது. காய்ந்துபோனாலும் அது பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது, அதனால்தான் வாரம் ஒரு முறை என்கிறோம். கோடை முழுக்கக் காலியாகக் கிடந்த டிரம்மை ஒருவர் அடுத்த ஊருக்கு எடுத்துப்போனால், ஒட்டியிருக்கும் முட்டையும் கூடவே போகும். கொசு பறக்காமலே ஊர் மாறும் வழி அது. மதுரையில் 1985 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் இயங்கியிருக்கிறது. இந்தக் கொசுக்களைப் பற்றிய அறிவுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, நார் பிடித்துத் தேய்க்கும் கைகளுக்குத்தான் பஞ்சம்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தால்

தனிக்கடிதத்தில் எழுதியதைப் பிற வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். பாரசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின், இபுபுரூபென், டைக்ளோபினாக் ஊசி கூடாது. ரத்தக்கசிவு அபாயம் கூடும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என நீர் ஆகாரம் இறங்கிக்கொண்டே இருக்கட்டும். டெங்குவைக் கண்டறிய, முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை உதவும். நிலவேம்புக் குடிநீர் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைத்தால், வீட்டுக் கொசு அவளிடமிருந்து வைரஸை எடுக்காது.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியடையும் நாள்தான் ஆபத்தான நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும்போது, விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து துவளுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பு, கூட்டத்தில் பேசுவதற்கும் முன்பு, பாலத்தைக் கடந்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வாருங்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். உங்கள் மகனுக்கு வந்ததையும் சொல்லிவிடுங்கள். பிறகு அவருடைய வீட்டுத் தொட்டியையும் உங்கள் வீட்டு மாடித் தொட்டியையும் இருவருமாகச் சேர்ந்து திறந்து பாருங்கள். எதில் புழு நெளிகிறது என்பதை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.